கணப்புக்கு முன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் என்னைப் பற்றி ஒரகடத்தில் மூன்று கதைகள் உலவுவதாகக் காதுக்கு வருகிறது. ஒன்றில், டைரக்டர் பங்களாவில் நான் கேஸ் சிலிண்டரை வெடிக்க வைத்தேனாம். இன்னொன்றில், நான் மயங்கி விழ, சேஃப்டி மேடம் என்னைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினாராம். என் எடை எண்பத்திரண்டு கிலோ. மூன்றாவது கதையில், டைரக்டர் வீட்டம்மா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த, குளிர்காயும் கணப்பில் நான் கருவாடு சுட்டேனாம். இதைக் கிளப்பிவிட்டவன் யாரென்று எனக்குத் தெரியும். அவனைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

கேஸ், கரண்ட் லைன் பார்க்கும் எங்கள் யுடிலிட்டி பிரிவில், அது நடந்து பல வருடம் கழித்துச் சேர்ந்த பையன்கள் வாட்ஸ்அப் குழுவில் இதை வைத்து தினமும் அடித்துக்கொள்கிறார்கள். "நீங்களே எழுதிப் போட்ருங்கண்ணே, நாங்க சண்டய நிறுத்திக்கிறோம்" என்று ஒருவன் கேட்டான். சரி, எழுதுகிறேன். உண்மையில் நடந்த விஷயம் இந்த மூன்று கதைகளிலும் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டுதான் இத்தனை வருடம் யார் கேட்டாலும் சிரித்து மழுப்பினேன்.

என் பெயர் ஏகாம்பரம். ஊர் பிள்ளைப்பாக்கம். வாலாஜாபாத்தில் ஒரு பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் கேஸ் வெல்டராக இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்லப் போனால் பாதி கண் எரிச்சல், மீதி கெட்ட வார்த்தை. 2006இல் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று திறந்தபோது, பெயிண்ட் காயவைக்கும் அடுப்புக்கும் கேன்டீனுக்கும் போகும் கேஸ் லைனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். நாற்பத்தொன்பது வயதில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துப் பையன் மாரி கீறீங்க" என்றாள்.

கம்பெனியில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கேஸ் வேலை இல்லை, ஜம்பர் வேலை. மெஷின்களில் சென்சார் என்று ஒன்று இருக்கும். கதவு திறந்திருந்தாலோ, யாராவது கையை உள்ளே விட்டாலோ அது மெஷினை நிறுத்திவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் சில சமயம் ஒன்றுமே இல்லாமலும் நிறுத்தும். லைன் நின்றால் சூப்பர்வைசருக்கு ரத்தம் கொதிக்கும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஒரு சின்ன ஒயர் துண்டை இரண்டு முனைக்கும் நடுவே சொருகி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மெஷினை நம்ப வைத்துவிடுவேன். லைன் ஓடும். "ஏகாம்பரம் கை வெச்சா ஓடும்" என்பார்கள். நானும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

2008இல் ஜெசிந்தா மேடம் சேஃப்டி இன்ஜினியராக வந்தார். தூத்துக்குடிப் பக்கம். வயது இருபத்தேழு, என் மூத்த மகளைவிட ஒரு வயது சின்னவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மற்ற அதிகாரிகள் கத்துவார்கள், நாம் தலையைக் குனிந்துகொள்வோம், அதோடு முடிந்துவிடும். இவரிடம் அந்த வசதி இல்லை.

அவருடைய முறையே வேறு. எந்த வேலை முடிந்தாலும், அது பாதுகாப்பாக இருக்கிறது என்று சேஃப்டி ஆள் கையெழுத்துப் போட வேண்டும். இவருக்கு முன்னால் இருந்தவர் கையெழுத்தைத் தன் மேஜையில் இருந்தபடியே போட்டார். இவர் கேன்டீனிலிருந்து ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். வேலை நடந்த இடத்திலேயே, மெஷினை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் போட்டு அரை மணி நேரம் உட்காருவார். கையில் ஒரு பொட்டலம் வறுகடலை இருக்கும். அதைக் கொறித்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பொட்டலம் காலியானதும் எழுந்து கையெழுத்துப் போடுவார்.

முதல் தடவை நான் கேட்டேன், "ஏன் மேடம், வெயில்ல வந்து உக்காரணுமா?"

"நான் உக்காரப் பயப்படுத எடத்துல இன்னொருத்தர எப்படி அண்ணாச்சி நிக்கச் சொல்ல?" என்றார். அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் அவருக்கு 'நாற்காலி மேடம்' என்று பட்டம் கட்டினார்கள். கட்டியவன் நான்தான்.

இனி கணப்புக்கு வருகிறேன். 2009 மழைக்காலம் முடியும் நேரம். எங்கள் டைரக்டர் அமெரிக்கர். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் குடியிருந்தார். அவர் மனைவி மார்த்தா அம்மா தங்கமானவர், ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்கினால் அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். ஊரில் பனி, வீட்டுக்குள் நெருப்பு, அதைச் சுற்றி எல்லாரும். பனிக்கு எங்கள் கம்பெனியால் ஒன்றும் செய்ய முடியாது. நெருப்பை மட்டும் பெட்டியில் போட்டு கப்பலில் வரவழைத்துவிட்டார். புகைபோக்கி இல்லாத கேஸ் கணப்பு. பார்க்க டிவி பெட்டி மாதிரி, உள்ளே பீங்கானில் செய்த விறகுக் கட்டைகள். கேஸைத் திறந்து பற்ற வைத்தால் கட்டைகளுக்கு நடுவே நெருப்பு எரியும். கட்டை எரியாது, சாம்பல் வராது.

அட்மின் அதிகாரி தியாகராஜன் என்னைக் கூப்பிட்டு வேலைச் சீட்டைக் கொடுத்தார். அவர் சைதாப்பேட்டைக்காரர். எதையும் ஐந்து நிமிட வேலை என்பவர்.

"இன்னாபா ஏகாம்பரம், ஒரு அடுப்பு மாட்டணும். அஞ்சு நிமிஷ வேல."

"சார், வெளிய முப்பத்திரண்டு டிகிரி வெயில். இதுல குளிர் காய அடுப்பா?"

"அதுக்குத்தான் ஏசி கீதே! பதினாறுல வெச்சா அதான் குளிரு. குளிருக்கு நெருப்பு. சிம்பிள்."

ஒரு மெஷின் வீட்டைக் குளிராக்க, இன்னொரு மெஷின் அந்தக் குளிரைப் போக்க, இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு குடும்பம் கேக் சாப்பிட வேண்டும். பெரிய இடத்து விஷயம், நமக்கென்ன என்று தலையாட்டினேன்.

ஜெசிந்தா மேடம் அதனுடன் வந்த கையேட்டை இரண்டு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார். மூன்றாம் நாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"இதுக்குப் புகைபோக்கி கிடையாது அண்ணாச்சி. எரியுதது பூரா வீட்டுக்குள்ளதான் நிக்கும். எரிய வேண்டிய காத்தையும் வீட்டுக்குள்ள இருந்துதான் எடுக்கும். நாம மூச்சு விடுத அதே காத்து. அதனால இத வைக்கதுல பாதி வேலை அடுப்புல இல்ல, ரூம்லதான் இருக்கு."

அந்த வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன், இதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. முதலில் அறையின் நீளம், அகலம், உயரம் அளந்து, இவ்வளவு பெரிய அறைக்கு இந்த அடுப்பு பொருந்துமா என்று கையேட்டில் பார்த்தோம். படுக்கையறையில் வைக்கச் சொன்ன தியாகராஜனின் யோசனையை மேடம் அங்கேயே வெட்டிவிட்டார். கூடத்தில் வைத்தோம். அடுப்பின் முதுகில் உள்ள தகட்டில் எந்த வாயுவுக்குச் செய்தது, எவ்வளவு அழுத்தம் என்று எழுதியிருந்தது. நம் சிலிண்டர் அதற்குச் சரிதானா என்று கேஸ் கம்பெனி இன்ஜினியரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லி, அவரையே ரெகுலேட்டரை வைக்கச் சொன்னோம். சிலிண்டரை வீட்டுக்கு வெளியே, நிழலில், நிமிர்த்தி நிறுத்தினோம். செம்புக் குழாயைச் சுவரோடு கிளிப் அடித்து உள்ளே கொண்டுபோய், அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வால்வு வைத்தேன். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்த்தோம். ஒரு இடத்தில் நுரை வந்தது. பிரித்து மறுபடி போட்டேன்.

திரைச்சீலையைத் தள்ளிக் கட்டினோம். மேலே பூமாலை, துணி எதுவும் தொங்கக் கூடாது என்றோம். கடைசியாக இரண்டு ஜன்னல்களை ஒரு சாண் அளவுக்குத் திறந்து, அதற்கு மேல் மூட முடியாதபடி மரக்கட்டை வைத்தேன். நச்சுக்காற்று வந்தால் கத்தும் அலாரம் ஒன்றும் வேண்டும் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். பர்ச்சேஸ் பிரிவு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டு வாங்குகிறோம் என்றது. அந்த அலாரம் அடுத்த பொங்கலுக்கு வந்தது.

அடுப்பில் ஒரு சின்ன விஷயத்தை மேடம் எனக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். பெரிய நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சுடர் எப்போதும் எரியும். அந்தச் சுடர் ஒரு உலோக விரலைச் சுட்டுக்கொண்டே இருக்கும். விரல் சூடாக இருக்கும்வரை கேஸ் வரும். அறையில் நல்ல காற்று குறைந்தால் சுடர் நிலைகொள்ளாமல் விரலை விட்டு விலகிவிடும். விரல் ஆறும், கேஸ் தானாக நின்றுவிடும். காவல்காரன் அந்த விரல்தான். மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், வறுகடலை தீர்ந்தது, கையெழுத்துப் போட்டார்.

நான்கு நாளில் முதல் புகார். கண்ணாடியெல்லாம் கரி. போய்ப் பார்த்தால், நான் படத்தைப் பார்த்து அடுக்கிய பீங்கான் கட்டைகள் இடம் மாறியிருக்கின்றன. பங்களாவில் சமையல் வேலை பார்த்த கஸ்தூரி ஓரமாக நின்றிருந்தாள். பிள்ளைப்பாக்கம், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி.

"யார் இத மாத்தினது?"

"நான்தாண்ணா. எவனோ வெறகு அடுக்கவே தெரியாதவன் அடுக்கி வெச்சிருந்தான். நெருப்பு நேரா மேல ஏற வோணாமா? அதான் அம்மா தூங்கும்போது சரி பண்ணேன்."

அந்த எவனோ நான்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கட்டையில் நெருப்பு இடித்தால் கரி வரும், படத்தில் உள்ளபடிதான் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். "இன்னா அடுப்போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஸ்தூரி எதையாவது நோண்டுவாள் என்று அன்றே பெயர் பரவிவிட்டது. பரப்பியதில் எனக்கும் பங்குண்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. அன்று இரவு ஏழு மணிக்கு டைரக்டர் வீட்டில் விருந்து. எட்டுக் குடும்பங்கள், குழந்தை குட்டிகளோடு. மத்தியானம் இரண்டு மணிக்கு தியாகராஜனிடமிருந்து போன். அடுப்பு எரிகிறது, நாற்பது நிமிடம் ஆனதும் பொட்டென்று அணைந்துவிடுகிறது. மூன்று நாளாக இப்படி. அம்மா அழாத குறை.

ஓடினேன். கூடத்துக்குள் நுழைந்ததும் பல் கிட்டியது, ஏசி அப்படி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரைகளில் காகித நட்சத்திரமும் கலர் விளக்குச் சரமும் அழகாகக் குத்தி வைத்திருந்தார் மார்த்தா அம்மா. திரையை விலக்கினால் எல்லாம் கலையும்.

"ஜன்னல் தொறந்திருக்கா சார்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தொறந்துதான் கீது. நீ அடுப்பப் பாருபா. சென்சார் தான பிராப்ளம்? லைன்ல நின்னா இன்னா பண்ணுவ?"

"ஜம்பர் போடுவேன்."

"அத்தப் பண்ணு. விருந்து முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்."

நான் திரையை விலக்கிப் பார்க்கவில்லை. இதை எத்தனை தடவை எழுதினாலும் இப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நட்சத்திரம் கலையுமே என்று பார்க்காமல் விட்டேன். சென்சார் என்றாலே சும்மா சும்மா நிறுத்தும் சனியன் என்று மூன்று வருடப் பழக்கம் எனக்குச் சொன்னது. சுடர் எங்கே விலகினாலும் சூடு படும்படி அந்த விரலை வளைத்துவிட்டேன். காவல்காரனைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்தது போலத்தான். ஐந்து நிமிட வேலை.

நான்கு மணிக்கு ஜெசிந்தா மேடம் வந்தார், ஸ்கூட்டி பின்னால் நீல நாற்காலியைக் கட்டிக்கொண்டு.

"ஏன் அணைஞ்சுச்சு?"

"விரல்ல தூசி மேடம். தொடச்சிட்டேன்."

"ஜன்னல்?"

"தொறந்திருக்கு மேடம். பாத்துட்டேன்."

அவர் அலங்காரத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். என் வார்த்தையை நம்பினார். "நாப்பது நிமிஷத்துல அணையுதுன்னா அரை மணி நேரம் உக்காந்து பிரயோஜனமில்ல. ஒன்றரை மணி நேரம் உக்காருதேன்" என்று இரண்டு பொட்டலம் வறுகடலையை வெளியே எடுத்தார். நெருப்புக்கு முன்னால் நாற்காலியைப் போட்டார். சோதனை நடக்கும்போது சிலிண்டர் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது அவர் விதி. நான் வெளியே போனேன். தியாகராஜன் கேக் வாங்க ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டார்.

தோட்டத்துப் பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு. அதன் வழியே மேடம் கடலை கொறிப்பது தெரிந்தது. நான்கு நாற்பது ஆனது. நெருப்பு அணையவில்லை. எனக்கு ஒரே குஷி. வீட்டைச் சுற்றி ஒரு நடை போனேன்.

பக்கவாட்டில் திரும்பியதும் ஜன்னலைப் பார்த்தேன். மூடியிருந்தது. மரக்கட்டையைக் காணோம். கண்ணாடியின் நான்கு பக்கமும் அகலமான பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. கப்பல் பெட்டியில் ஒட்டி வரும் டேப். 'இந்தப் பக்கம் மேலே' என்று ஆங்கிலத்தில் எழுதி, அம்புக்குறி போட்டு, ஜன்னலைச் சுற்றி ஓடியது. அடுத்த ஜன்னலும் அப்படியே. கொசு வராமல், ஏசி குளிர் வெளியே போகாமல், பொட்டு இடைவெளி இல்லாமல் அடைத்திருந்தார்கள்.

சென்சார் பொய் சொல்லவே இல்லை. மூன்று நாளாக அது சரியான நேரத்தில் சரியான வேலையைச் செய்திருக்கிறது. அதைத்தான் நான் கெடுத்து வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

ஓடிப்போய் "வெளிய வாங்க" என்று கத்த வேண்டியதுதானே? எந்த மனிதனும் அதைத்தான் செய்வான். எனக்கு அந்த நொடியில் வேறொன்று தோன்றியது. சென்சாரைக் கெடுத்தவன் என்று தெரிந்தால் அன்றே வேலை போகும். சின்ன மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சொல்லாமலே அவரை வெளியே கொண்டுவந்துவிட்டால், விரலை நிமிர்த்திவிட்டு, டேப்பைக் கிழித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடலாம்.

கதவைத் திறந்து தலையை நீட்டினேன். "மேடம், டீ சாப்பிட வாங்க."

"சோதனை முடியட்டும். கதவச் சாத்துங்க, குளிரு போவுது."

வேண்டுமென்றே கதவைச் சாத்தாமல் வந்தேன். அவரே எழுந்து வந்து சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தார். விருந்து எப்படி நடக்குமோ அப்படித்தான் சோதனையும் இருக்க வேண்டுமாம்.

மறுபடி போனேன். "மேடம், பிளான்ட் மேனேஜர் போன்ல கூப்பிடுறாரு."

"அவரு நேத்தே லீவுல கேரளா போயிட்டாரே அண்ணாச்சி."

"அப்ப வேற யாரோ."

"பெறகு பேசுதேன்."

மூன்றாவது தடவை மூச்சிரைக்க ஓடினேன். "மேடம்! பாம்பு! சிலிண்டர் பக்கத்துல!"

தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் வளர்ந்த பெண்ணிடம் பாம்பைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது. நாற்காலியைவிட்டு அசையவில்லை. "நல்லதா, சாரையா?"

"சா... சாரை."

"சாரை பாவம், ஒண்ணும் செய்யாது. போய்க்கிடும்." பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தலைதான் கொஞ்சம் கனமா இருக்கு. மத்தியானம் சாப்பிடல, அதான் போல."

மத்தியானச் சாப்பாடு காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தத் தலைகனம் என் கையால் வந்தது. வேலையும் கல்யாணமும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"மேடம், எந்திரிங்க! நான் விரல வளைச்சிட்டேன்! ஜன்னலெல்லாம் டேப்பு போட்டு அடைச்சிருக்கு! நான் பாக்கவே இல்ல! எந்திரிங்க மேடம்!"

எழுந்தார். எழுந்தவர் கையோடு நாற்காலியையும் தூக்கினார். "அத விட்டுட்டு வாங்கம்மா!" என்று நான் அலறியதில் சமையலறையிலிருந்து கஸ்தூரி கரண்டியோடு ஓடிவந்தாள். நான் அடுப்பை நிறுத்தி, கதவை விரியத் திறந்து, வெளியே ஓடி சிலிண்டரையும் மூடினேன். மேடம் புல்தரையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்து விட்டார். கஸ்தூரி தண்ணீர் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் தலைவலி விட்டது. நான் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயது.

திட்டுவார் என்று பார்த்தேன். "மணி அஞ்சேகால். விருந்துக்கு நேரமிருக்கு. எந்திரிங்க, டேப்பப் பிரிப்போம்" என்றார்.

மூன்று பேருமாகப் பிரித்தோம். காகித நட்சத்திரங்கள் கலைந்தன. மார்த்தா அம்மா மாடியிலிருந்து வந்து பார்த்தபோது மேடம் எதையும் மறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போனது. இங்கேதானே குழந்தைகளைத் தரையில் உட்கார வைத்துக் கதை சொல்ல நினைத்தேன் என்றார். கையேட்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஜன்னல்களைத் திறந்து பற்ற வைத்தோம். இந்தத் தடவை இரண்டு நாற்காலி. எனக்கும் ஒன்று.

ஜன்னல் திறந்திருக்கிறது, ஏசியால் ஒன்றும் முடியவில்லை, முன்னால் நெருப்பு, கால்மாட்டில் கொசு. ஒன்றரை மணி நேரம் இருவரும் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தோம். நெருப்பு ஒரு தடவைகூட அணையவில்லை. மேடம் மடியில், விபத்து நூலிழையில் தப்பினால் எழுத வேண்டிய 'விபத்து தப்பிய அறிக்கை'ப் படிவத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். சென்சாரைக் கெடுத்தவர்: ஏகாம்பரம். கண்டுபிடித்தவர்: ஏகாம்பரம். சரிசெய்தவர்: ஏகாம்பரம். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"டேப்ப எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

"நாலு நாப்பது."

"எங்கிட்ட எத்தன மணிக்குச் சொன்னீங்க?"

"நாலு நாப்பத்தேழு."

"நடுவுல ஏழு நிமிஷம் இருக்கே அண்ணாச்சி. அப்ப என்ன செஞ்சீங்க?"

"டீ. போன். பாம்பு."

அவர் சிரிக்கவில்லை. மூல காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு எழுதி என்னிடம் காட்டினார். டேப் என்றும் எழுதவில்லை, வளைத்த விரல் என்றும் எழுதவில்லை. 'சொன்னால் வேலை போகும் என்ற பயம். ஏழு நிமிடம்' என்று எழுதியிருந்தார்.

விருந்து நடந்தது. நெருப்பு அழகாக எரிந்தது. அதற்குப் பத்தடி பக்கத்தில் ஒருவராலும் உட்கார முடியவில்லை. எல்லாரும் தோட்டத்தில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை விசாரணை. விரலை வளைக்கச் சொன்னது தியாகராஜன் என்றாலும் வளைத்த கை என்னுடையது, அதில் எனக்கு வாயில்லை. ஆனால் டேப்? கஸ்தூரி தெளிவாகச் சொன்னாள்: "அட்மின் சார்தான் டேப்பக் குடுத்து, வூடு பூரா அடைச்சுடுன்னாரு." தியாகராஜன் அப்படியே மறுத்தார். பெட்டி பிரித்த டேப் வீட்டில் கிடந்தது, அவளாக எடுத்து ஒட்டியிருப்பாள், ஏற்கெனவே விறகுக் கட்டையை நோண்டியவள்தானே என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். விறகுக் கதையை ஊர் முழுக்கச் சொன்னவன் நானாயிற்றே. அவளுக்கு சாட்சி இல்லை. அன்றே அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன் லாரியில் அடிபட்டுப் படுத்திருந்த நேரம். என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "சொல்லாத்த நான் செய்வேனாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் உள்ளே இருந்தேன், வெளியே வர முகமில்லை.

ஒன்பது நாள் கழித்து கம்பெனிக் கூட்டம். காலையில் எனக்கு மெமோ கொடுத்தார்கள், சம்பள உயர்வு ஒரு வருடம் கிடையாது என்று. சாயங்காலம் அதே நான், அந்த மாதத்தின் சிறந்த விபத்து தப்பிய அறிக்கைக்கு மேடை ஏறி ஹாட்பேக் பரிசு வாங்கினேன். விதிப்படி இரண்டும் சரி என்று எச்.ஆர். விளக்கினார்கள். பாம்பு விஷயம் எப்படியோ வெளியே கசிந்து ஹாலே சிரித்தது. டைரக்டர் சிரிக்கவில்லை. அவர் மேடமின் படிவத்தைக் கையில் வைத்து மூல காரணக் கட்டத்தை மட்டும் படித்தார். ஜெசிந்தா மேடம் தமிழில் சொன்னார். அந்த ஏழு நிமிடம் தன் மனைவியின் விருந்தில் நடந்திருந்தால் உள்ளே எட்டுக் குடும்பங்கள் இருந்திருக்கும் என்றார் டைரக்டர். இனி தானாக வந்து சொல்கிறவர் யாருக்கும் வேலை போகாது என்றும், சொல்ல வேண்டியது யாரிடமாவது இருந்தால் இப்போதே சொல்லலாம் என்றும் சொன்னார்.

ஹாலில் எல்லாரும் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஹாட்பேக்கைக் கட்டிப்பிடித்தபடி மேடையில் நின்றேன்.

மூன்றாவது வரிசையில் தியாகராஜன் எழுந்தார். கையைத் தூக்கினார், கீழே போட்டார், மறுபடி தூக்கினார்.

"டேப்பு... ஒட்டச் சொன்னது நான்தான் சார். கஸ்தூரி மேல தப்பு இல்ல."

எனக்கு அவரைப் பிடிக்காது. அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்றிருந்தது. எனக்கு ஏழு நிமிடம் பிடித்தது, அவருக்கு ஒன்பது நாள். எது பெரிது என்று என்னால் சொல்ல முடியாது, என்னுடைய ஏழு நிமிடத்தில் ஒரு உயிர் உள்ளே இருந்தது.

கஸ்தூரிக்கு அன்று மாலையே ஆள் அனுப்பினார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். வந்ததும் முதல் வேலையாகக் கூடத்துக்குப் போய், இரண்டு ஜன்னலும் திறந்திருக்கிறதா என்று பார்த்தாளாம்.